மீனெண்ணெயும் அழற்சியும்: உண்ணும் கொழுப்பு பரம்பரை அலகுகளின் தொழிற்பாட்டை எவ்வாறு பாதிக்கின்றது?



கொழுப்பமிலங்கள், கலமென்சவ்வு, நிர்ப்பீடனம், பரம்பரை அலகு வெளிப்பாடு ஆகியவற்றை உயிரியற் பாடத்தில் வெவ்வேறு அலகுகளாகக் கற்கின்றீர்கள். பரீட்சையின் கட்டுரை வினாக்களோ இவற்றை இணைத்து விளங்கிக்கொண்ட மாணவரையே தேடுகின்றன. அந்த இணைப்பைக் காட்டுவதற்கு மீனெண்ணெய் மிகச் சிறந்த உதாரணமாகும். இது உங்கள் வீட்டுச் சட்டியில் உள்ள பொருளும் ஆகையால், இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி வீட்டிற்காகவும் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்பகுதியைக் கற்றபின் நீங்கள்
- அழற்சி என்றால் என்ன என்பதையும் அதன் பயனையும் தீங்கையும் விளக்குவீர்கள்.
- ஒமேகா-3, ஒமேகா-6 கொழுப்பமிலங்களை வேறுபடுத்துவீர்கள்.
- உணவிலுள்ள கொழுப்பமிலம் பரம்பரை அலகின் தொழிற்பாட்டை மாற்றும் வழிகளை எழுதுவீர்கள்.
- மீனெண்ணெய் பற்றிய கூற்றுக்களுள் எது சரி, எது மிகை எனத் தீர்மானிப்பீர்கள்.

1. அழற்சி என்றால் என்ன?

மாத்தளைத் தோட்டமொன்றில் கொக்கோக் காயை உடைக்கும்போது கத்தி வழுக்கி உங்கள் விரலில் பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் அவ்விடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், நோகும், விரலை மடக்க முடியாது போகும். செம்மை, வெம்மை, வீக்கம், நோ, தொழிலிழப்பு ஆகிய இவ்வைந்துமே அழற்சியின் அறிகுறிகளாகும்.

இவை ஏன் தோன்றுகின்றன? காயமடைந்த இழையத்திலிருந்து வெளிவரும் இரசாயனப் பொருட்கள் அருகிலுள்ள சிறிய குருதிக் கலன்களை விரியச் செய்கின்றன. குருதி அதிகமாகப் பாய்வதால் செம்மையும் வெம்மையும் உண்டாகின்றன. மயிர்க்குழாய்ச் சுவரின் ஊடுபுகவிடுமியல்பு கூடுவதால் திரவவிழையம் வெளியே கசிந்து வீக்கம் ஏற்படுகின்றது. அதே வழியால் வெண்குழியங்கள் வெளியேறிக் கிருமிகளை விழுங்குகின்றன. எனவே அழற்சி என்பது நோயன்று. அது உடலின் பாதுகாப்பு முறை. அழற்சியே ஏற்படாவிட்டால் அச்சிறு காயமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆனால் வேலை முடிந்ததும் அது அடங்க வேண்டும். அடங்காமல் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக நீடிக்கும்போது நாட்பட்ட அழற்சி எனப்படுகின்றது. மூட்டுவாதத்தில் மூட்டுக்கள் சிதைவதற்கும், நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிவுகள் வளர்ந்து வெடித்து மாரடைப்பு உண்டாவதற்கும் நாட்பட்ட அழற்சி முக்கிய காரணமாகும். இரண்டாம் வகை நீரிழிவோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

நினைவில் கொள்க: குறுங்கால அழற்சி பாதுகாப்பது, அடங்காத அழற்சி அழிப்பது.

2. இரண்டு கொழுப்பமிலக் குடும்பங்கள்

கொழுப்பமிலம் என்பது ஒரு முனையில் காபொட்சில் கூட்டத்தையும் மறுமுனையில் மெதையில் கூட்டத்தையும் கொண்ட நீண்ட ஐதரோகாபன் சங்கிலியாகும். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லையெனின் நிரம்பிய கொழுப்பமிலம். இருப்பின் நிரம்பாத கொழுப்பமிலம். நாம் நாளாந்தம் பயன்படுத்தும் தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பமிலங்களாலானது. குளிரான காலையில் போத்தலுக்குள் அது உறைந்து வெண்மையாவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மீனெண்ணெய் அவ்வாறு இலகுவில் உறையாது. அதன் சங்கிலிகள் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பிலும் வளைந்திருப்பதால் நெருங்கி அடுக்கப்பட முடியாமையே காரணமாகும்.

மெதையில் முனையிலிருந்து எண்ணும்போது முதலாவது இரட்டைப் பிணைப்பு 3ஆவது காபனில் தொடங்குமாயின் அது ஒமேகா-3. 6ஆவது காபனில் தொடங்குமாயின் ஒமேகா-6.

ஒமேகா-6 குடும்பம்: சோயா, சூரியகாந்தி, சோளம் ஆகியவற்றின் எண்ணெய்களில் உள்ள லினோலெயிக்கமிலம் (18 காபன், 2 இரட்டைப் பிணைப்பு). இதிலிருந்து உடல் அரக்கிடோனிக்கமிலத்தை (20 காபன், 4 இரட்டைப் பிணைப்பு) ஆக்குகின்றது.

ஒமேகா-3 குடும்பம்: இலைகளிலும் ஆளி விதையிலும் உள்ள அல்பா லினோலெனிக்கமிலம் (18 காபன், 3 இரட்டைப் பிணைப்பு), மீன்களில் உள்ள ஈ.பி.ஏ. (20 காபன், 5 இரட்டைப் பிணைப்பு), டி.எச்.ஏ. (22 காபன், 6 இரட்டைப் பிணைப்பு).

கொழுப்பு முற்றாக நீக்கப்பட்ட உணவை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றித் தோல் நோயுற்றதை அமெரிக்காவில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929இல் காட்டினர். சில கொழுப்பமிலங்கள் உணவிலிருந்தே கிடைக்க வேண்டும் என்னும் கருத்து அப்போதுதான் உறுதிப்பட்டது. லினோலெயிக்கமிலமும் அல்பா லினோலெனிக்கமிலமும் மனிதனுக்கு அத்தியாவசியமான கொழுப்பமிலங்களாகும். மனிதக் கலங்களுக்கு 3ஆம், 6ஆம் இடங்களில் இரட்டைப் பிணைப்பை உருவாக்கும் நொதியங்கள் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். கீரையில் ஒமேகா-3 இருக்கின்றதே, மீன் எதற்கு? பச்சையவுருமணியின் மென்சவ்வுகளில் அல்பா லினோலெனிக்கமிலம் உண்டென்பது உண்மை. ஆயினும் கீரையில் மொத்தக் கொழுப்பே மிகக் குறைவு. அத்துடன் மனித உடல் அதில் ஒரு சிறு பகுதியையே ஈ.பி.ஏ. ஆகவும், அதனிலும் குறைந்த பகுதியையே டி.எச்.ஏ. ஆகவும் மாற்றுகின்றது. மீன்களுங்கூட இவற்றைப் பெரும்பாலும் தாமே ஆக்குவதில்லை. கடலின் நுண்ணிய அல்காக்களும் தாவரப் பிளாந்தன்களும் ஆக்க, உணவுச் சங்கிலி வழியே அவை மீனின் உடலில் சேர்கின்றன.

3. மென்சவ்விலிருந்து வரும் செய்திகள்

உண்ட கொழுப்பு முழுவதும் சக்திக்காக எரிக்கப்படுவதில்லை. ஒரு பகுதி கலமென்சவ்வின் பொசுபோலிப்பிட்டுக்களில் உறுப்பாக அமர்கின்றது. அதாவது நீங்கள் உண்ணும் எண்ணெய் உங்கள் வெண்குழியங்களின் மதிலில் கல்லாகப் பதிக்கப்படுகின்றது. அம்மதிலிலிருந்து எந்தக் கல் பெயர்க்கப்படுகின்றதோ அதற்கேற்பவே அழற்சிச் செய்தியும் அமைகின்றது.

கலம் தூண்டப்படும்போது பொசுபோலிப்பேசு ஏ2 என்னும் நொதியம் மென்சவ்விலிருந்து 20 காபன் கொழுப்பமிலமொன்றை விடுவிக்கின்றது. சைக்கிளோஒட்சிசனேசு நொதியம் அதனைப் புரொஸ்டகிளாண்டின்களாகவும் துரொம்பொட்சேன்களாகவும் மாற்றுகின்றது. லிப்பொட்சிசனேசு நொதியம் லியூக்கோட்ரையீன்களாக மாற்றுகின்றது.

விடுவிக்கப்படுவது அரக்கிடோனிக்கமிலமாயின் தோன்றும் பொருட்கள் வலுவானவை. புரொஸ்டகிளாண்டின் ஈ2 நோவையும் காய்ச்சலையும் தரும். துரொம்பொட்சேன் ஏ2 குருதிச் சிறுதட்டுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். லியூக்கோட்ரையீன் பி4 வெண்குழியங்களைக் கூட்டம் கூட்டமாக அழைக்கும். விடுவிக்கப்படுவது ஈ.பி.ஏ. ஆயின் அதே நொதியங்கள் அதே வேலையைச் செய்தாலும் விளைபொருட்கள் பெரும்பாலும் வலுக்குறைந்தவையாக இருக்கும். மேலும் ஈ.பி.ஏ., நொதியத்தின் உயிர்ப்பு மையத்திற்காக அரக்கிடோனிக்கமிலத்துடன் போட்டியிடுகின்றது. இது போட்டி நிரோதத்தை ஒத்த நிலையாகும்.

அஸ்பிரின் புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றது என்பதை இங்கிலாந்தின் ஜோன் வேன் 1971இல் காட்டினார். புரொஸ்டகிளாண்டின்கள் பற்றிய ஆய்வுகளுக்காக அவரும் சுவீடனின் சுனே பெர்க்ஸ்ட்ரோம், பெங்க்ட் சாமுவெல்சன் ஆகியோரும் 1982ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அஸ்பிரின் நொதியத்தையே தடுக்கின்றது. மீனெண்ணெய் நொதியத்திற்குக் கிடைக்கும் கீழ்ப்படையை மாற்றுகின்றது. இவ்வேறுபாட்டை விடையில் தெளிவாக எழுதினால் புள்ளி நிச்சயம்.

ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவற்றிலிருந்து அழற்சியை அடக்கி முடிக்கும் பொருட்களும் தோன்றுகின்றன என்பதை 2000ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவில் சார்ள்ஸ் சேர்ஹானின் குழுவினர் வெளியிட்டு வந்தனர். இவை ரெசோல்வின்கள் எனப்பட்டன.

4. பரம்பரை அலகுகளின் தொழிற்பாடு

உங்கள் தோற் கலத்திலும் ஈரற் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. ஆகும். புரதத்தைக் குறிக்கும் பரம்பரை அலகுகள் மனிதனில் ஏறத்தாழ 20,000 உள்ளன. எந்த நேரத்தில் எந்த அலகு தூது ஆர்.என்.ஏ. ஆகப் பிரதியெடுக்கப்படுகின்றது என்பதே கலத்தின் நடத்தையைத் தீர்மானிக்கின்றது. பிரதியெடுத்தலைத் தொடக்கியும் தடுத்தும் வைக்கும் புரதங்கள் பிரதியெடுத்தற் காரணிகள் எனப்படும். மீனெண்ணெய் செயற்படுவது இக்காரணிகளின் ஊடாகவே.

(அ) என்.எப். கப்பா பி: ரஞ்சன் சென்னும் டேவிட் பால்ட்டிமோரும் 1986இல் இதனைக் கண்டறிந்தனர். அமைதியான கலத்தில் இக்காரணி, தடுப்புப் புரதமொன்றினால் பிணைக்கப்பட்டுக் குழியவுருவில் கிடக்கும். கிருமியின் செய்தி கிடைத்ததும் தடுப்புப் புரதம் அழிக்கப்படும். விடுபட்ட காரணி கருவினுள் சென்று டி.என்.ஏ.யுடன் இணைந்து ரி.என்.எப். அல்பா, இன்டர்லியூக்கின்-6, சைக்கிளோஒட்சிசனேசு-2 முதலியவற்றிற்கான பரம்பரை அலகுகளைத் தொழிற்படச் செய்யும். கலத்தில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. மிகும்போது இக்காரணி கருவை அடைவது குறைகின்றது. இதற்கான ஒரு வழியை அமெரிக்காவின் சான் டியேகோவில் ஜெரோல்ட் ஒலெவ்ஸ்கியின் குழுவினர் 2010இல் காட்டினர். ஜி.பி.ஆர். 120 என்னும் மென்சவ்வு வாங்கியுடன் ஒமேகா-3 இணையும்போது அழற்சிச் செய்தி உள்ளே கடத்தப்படுவது தடைப்படுகின்றது.

(ஆ) பி.பி.ஏ.ஆர்.: இவை கருவிலுள்ள வாங்கிகள். கொழுப்பமிலங்கள் நேரடியாக இவற்றுடன் இணையக்கூடியவை. ஈரலில் இவை தூண்டப்படும்போது கொழுப்பமிலங்களை ஒட்சியேற்றும் நொதியங்களுக்கான அலகுகள் கூடுதலாகத் தொழிற்படுகின்றன. வெண்குழியங்களில் இவை என்.எப். கப்பா பி இன் வேலையைக் குறைக்கின்றன.

(இ) எஸ்.ஆர்.ஈ.பி.பி.-1: ஈரலில் கொழுப்பைத் தொகுக்கும் நொதியங்களுக்கான அலகுகளைத் தொழிற்படச் செய்யும் காரணி இதுவாகும். பல்நிரம்பாத கொழுப்பமிலங்கள் இதனைக் குறைக்கின்றன. மீனெண்ணெய் குருதியின் முக்கிளிசரைட்டு மட்டத்தைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மிக முக்கியம்: இம்மூன்று வழிகளிலும் டி.என்.ஏ.யின் நியூக்கிளியோதைட்டு ஒழுங்கு மாறவில்லை. மாறுவது வாசிக்கப்படும் அளவே. நூல்நிலையத்தில் நூல்கள் அப்படியே இருக்கின்றன. இரவலாக எடுக்கப்படும் நூல்கள் மாறுகின்றன. இதனை விகாரம் என எழுதும் மாணவர் புள்ளிகளை இழப்பார்.

5. மனிதரில் ஒரு பரிசோதனை

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதியவர்களில் ஒரு குழுவினர் 26 வாரங்கள் நாளொன்றுக்கு 1.8 கிராம் ஈ.பி.ஏ. + டி.எச்.ஏ. பெற்றனர். இன்னொரு குழுவினர் ஒலெயிக்கமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயைப் பெற்றனர். தொடக்கத்திலும் முடிவிலும் குருதியின் வெண்குழியங்களிலுள்ள தூது ஆர்.என்.ஏ. அளக்கப்பட்டது. மீனெண்ணெய்க் குழுவில் 1,040 பரம்பரை அலகுகளின் வெளிப்பாடு மாறியிருந்தது. மற்றக் குழுவில் 298. மீனெண்ணெய்க் குழுவில் வெளிப்பாடு குறைந்தவற்றுள் என்.எப். கப்பா பி வழியோடும் நாடிச் சுவரின் கொழுப்புப் படிவோடும் தொடர்புடைய அலகுகள் இருந்தன.

இவ்வாய்விலிருந்து மூன்று பாடங்களைக் கற்கலாம். ஒன்று, கட்டுப்பாட்டுக் குழு இல்லையெனின் 1,040 என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்கியிருப்போம். மற்ற எண்ணெயும் சில மாற்றங்களோடு சேர்ந்தே வந்தது. இரண்டு, ஆய்வு ஒரு வேளை உணவோடு முடியவில்லை. அரை ஆண்டு நடந்தது. குழியங்கள் பிறந்து இறந்து புதியன வரும்போதே மென்சவ்வின் அமைப்பு மாறும். செங்குழியத்தின் ஆயுட்காலமே ஏறத்தாழ 120 நாட்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்று, அளக்கப்பட்டது தூது ஆர்.என்.ஏ.; நோய் குணமானதா என்பதன்று.

6. கடல் இல்லாத மாவட்டத்தில் மீன்

மாத்தளை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. திருகோணமலையில் பிடிபடும் மீன் தம்புள்ளை வழியாக இங்கு வந்துசேர நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆகவே பல வீடுகளில் மீன் என்பது பெரும்பாலும் நெத்தலிக் கருவாடு, தகரத்தில் அடைத்த மீன், அல்லது குளத்து மீனாகவே இருக்கின்றது. இவற்றை நாம் கற்றவற்றோடு ஒப்பிடுவோம்.

குளத்து மீன்: கண்டலம, போவதென்ன, 2018இல் திறந்து வைக்கப்பட்ட மொரகஹகந்த ஆகிய நீர்நிலைகள் இம்மாவட்டத்தில் உள்ளன. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவே நம் நாட்டுக் குளங்களில் பரவலாகப் பிடிபடும் மீனாகும். இது சிறந்த புரத உணவு. ஆனால் கொழுப்புக் குறைந்த மீன் என்பதால் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. சிறிதளவே உண்டு.

சிறு கடல் மீன்: சாளை, சூடை, கும்பளா போன்றவை பிளாந்தன்களை உண்பவை, கொழுப்பு மிகுந்தவை. 100 கிராமில் ஒரு கிராம் அளவிலோ அதற்கு மேலோ ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் இருக்கக்கூடும். பருவத்திற்கேற்ப இவ்வளவு மாறும். பெரிய மீன்களை விட இவை பொதுவாக மலிவானவை.

தகர மீன்: வெப்பமூட்டி அடைக்கப்பட்டாலும் ஒமேகா-3இன் பெரும்பகுதி எஞ்சியிருக்கும். ஒட்சிசன் தகரத்தினுள் புகாமையே காரணம். முள்ளையும் சேர்த்து உண்ணும்போது கல்சியமும் கிடைக்கும்.

கருவாடு: வெயிலில் காயும்போது இரட்டைப் பிணைப்புக்கள் ஒட்சியேற்றப்படுகின்றன. கருவாட்டின் மஞ்சள் நிறத்திற்கும் சிக்கு மணத்திற்கும் இதுவே காரணம். ஆகவே ஒமேகா-3 குறைகின்றது, உப்பும் அதிகம். எனினும் நெத்தலியின் புரதமும் கல்சியமும் வீணாவதில்லை. குருதியமுக்கம் உள்ளவர்கள் கழுவி ஊறவைத்துச் சமைப்பது நல்லது.

சமைக்கும் முறை: ஆழ்ந்த எண்ணெயில் பொரிக்கும்போது மீனின் கொழுப்புச் சட்டியிலும் சட்டியின் எண்ணெய் மீனிலும் சேர்கின்றன. கொறுக்காய்ப்புளி இட்டுக் குழம்பாக வைக்கும்போது வெளியேறும் கொழுப்புக் குழம்பிலேயே தங்கிச் சோற்றோடு வயிற்றை அடைகின்றது.

இங்கு இன்னொன்றையும் சிந்தியுங்கள். பெரும்பாலான வீடுகளில் மீன் துண்டு முதலில் யாருடைய கோப்பைக்குப் போகின்றது? வயிற்றிலுள்ள சிசுவின் மூளையும் கண்ணின் விழித்திரையும் வளர்வதற்கு டி.எச்.ஏ. தேவை, அது தாயிடமிருந்தே செல்கின்றது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சிறு மீனில் உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்பதை இப்பாடத்தைக் கற்ற நீங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லலாம்.

7. எல்லைகளை அறிதல்

"மீனெண்ணெய் மாத்திரை எல்லா நோய்க்கும் மருந்து" என்று யாரேனும் கூறினால் நம்பிவிடாதீர்கள். ஆய்வுகள் கூறுவது வருமாறு:

- இத்தாலியில் மாரடைப்பிலிருந்து தப்பிய 11,324 பேரிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு கிராம் பெற்றவர்களில் இறப்புக் குறைந்தது.
- அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், பொதுவாக நலமாக இருந்தவர்களுக்கு அதே அளவு கொடுத்தும் பெரிய இதயநோய் நிகழ்வுகளோ புற்றுநோயோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.
- முக்கிளிசரைட்டு உயர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் தூய ஈ.பி.ஏ. கொடுத்த ஆய்வொன்று (2018) பயன் கண்டது. 4 கிராம் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்து கொடுத்த இன்னொன்று (2020) பயன் காணவில்லை. இரண்டிலும் இதயத்தின் சீரற்ற துடிப்பு ஓரளவு கூடியது.
- மூட்டுவாத நோயாளருக்கு அதிக அளவு மீனெண்ணெய் நோவைச் சற்றுக் குறைக்கின்றது. ஆனால் அது மருந்துக்குப் பதிலாகாது.

மீன் ஈரலெண்ணெய் வேறு, மீனெண்ணெய் வேறு. ஈரலெண்ணெயில் விற்றமின் ஏ, டி ஆகியன மிகுதி. விற்றமின் ஏ மிகையாவது, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, ஆபத்தானது. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதிகளவு மீனெண்ணெய் எடுக்கக்கூடாது. ஏனையோருக்குப் பொதுவான அறிவுரை எளிமையானது: வாரத்தில் இரு தடவை மீன் உண்ணுங்கள்.

8. மாணவர் விடும் தவறுகள்

- "அழற்சி என்பது நோய்த்தொற்று." தவறு. நோய்த்தொற்று ஒரு காரணம். அழற்சி உடலின் எதிர்விளைவு.
- "மீனெண்ணெய் அழற்சியை நிறுத்தும்." தவறு. அதன் கடுமையைக் குறைத்து அடங்குவதற்கு உதவும்.
- "ஒமேகா-6 நஞ்சு." தவறு. அது அத்தியாவசியமானது, சமநிலையே வேண்டும்.
- "மீனெண்ணெய் பரம்பரை அலகுகளை மாற்றும்." தவறு. அவற்றின் வெளிப்பாட்டை மாற்றும்.

9. மாதிரி வினாக்கள்

(1) பின்வருவனவற்றுள் ஈ.பி.ஏ. பற்றிய சரியான கூற்று எது?
1. 18 காபன்களைக் கொண்டது. 2. ஒமேகா-6 வகையைச் சார்ந்தது. 3. அரக்கிடோனிக்கமிலத்துடன் நொதியத்திற்காகப் போட்டியிடும். 4. டி.என்.ஏ.யில் விகாரத்தை ஏற்படுத்தும். 5. இரட்டைப் பிணைப்பு அற்றது.
விடை: 3

(2) உணவிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் அழற்சியைக் குறைக்கும் விதத்தை விளக்குக. (10 புள்ளிகள்)

விடைக்கான குறிப்புகள்:
- பொசுபோலிப்பிட்டுக்களில் அரக்கிடோனிக்கமிலத்தின் இடத்தில் ஓரளவு அமர்தல் (2)
- சைக்கிளோஒட்சிசனேசு, லிப்பொட்சிசனேசு நொதியங்களுக்காகப் போட்டியிடல் (2)
- வலுக்குறைந்த புரொஸ்டகிளாண்டின்கள், லியூக்கோட்ரையீன்கள் தோன்றல் (1)
- அழற்சியை அடக்கும் பொருட்கள் தோன்றல் (1)
- என்.எப். கப்பா பி கருவை அடைவது குறைதலும், அதனால் அழற்சிப் புரதங்களின் பிரதியெடுத்தல் குறைதலும் (2)
- பி.பி.ஏ.ஆர். தூண்டப்படல் (1)
- டி.என்.ஏ. ஒழுங்கு மாறாமை (1)

(3) செய்து பார்க்க: ஒரு வாரத்தில் உங்கள் வீட்டில் சமைத்த மீன் வகைகளையும் சமைத்த முறையையும் அட்டவணைப்படுத்துக. அவற்றை ஒமேகா-3 மிகுந்தவை, குறைந்தவை எனப் பிரிக்க. அதே செலவில் ஒமேகா-3 கூடுதலாகக் கிடைக்கத்தக்கதாகச் செய்யக்கூடிய ஒரு மாற்றத்தைக் குறிப்பிடுக.

மூன்றாவது வினா பரீட்சைத் தாளில் வராமற் போகலாம். ஆனால் அதற்கு நீங்கள் எழுதும் விடைதான் இப்பாடத்தை உண்மையில் விளங்கிக்கொண்டீர்களா என்பதை உங்களுக்கே காட்டும்.